பெரியப்பா ஏறிய நூறு கிலோமீட்டர்

முதல்லயே சொல்லிடுறேன், இது நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரத்துல ஓரமா ஒரு டேப்ல திறந்து வச்சுப் படிக்கிற மக்கா, போய் ஒரு காபி எடுத்துட்டு வந்துடுங்க. கருப்பட்டிக் காபின்னா விசேஷம் :-)

எனக்குச் சொந்த ஊர் உடன்குடின்னு சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு பேர் கேக்குறது ஒண்ணுதான்: "அட, கருப்பட்டி ஊரா? அடுத்த தடவ வரும்போது ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்களேன்". வாங்கிட்டு வந்து கொடுத்திருக்கேன், காசு வராத கேஸும் உண்டு (யாருன்னு அவங்களுக்கே தெரியும், ஹி ஹி). ஆனா இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட "அந்தப் பனையை எல்லாம் யாருப்பா பாத்துக்கிடுறா?"ன்னு கேட்டதில்ல. பனைன்னா தானா முளைக்கும், தானா நிக்கும், தானா சொட்டும்னு ஒரு நெனப்பு. தண்ணி ஊத்தத் தேவையில்லைங்கிறது நெசம்தான். அதனாலேயே அதுல தோட்ட வேலை ஒண்ணும் கிடையாதுன்னு முடிவு கட்டிடுறோம்.

எங்க பக்கத்து ஊர்ப் பேரைக் கவனிச்சிருக்கீங்களா? திசையன்விளையில ஆரம்பிச்சு எத்தனையோ சின்ன ஊர்கள் 'விளை'ன்னுதான் முடியும். விளைன்னா எங்களுக்குத் தோட்டம். ரோஜாவும் புல்வெளியும் இருக்கிற தோட்டம் இல்ல. தேரியோட செக்கச்செவேல்னு இருக்கிற மணல்ல, சுத்தி உடைமுள் வேலி போட்டு, உள்ள பனை நிக்கும். ஊடால நாலு முருங்கை, ஒரு புளி, ஒரு மூலையில காய்ச்சுறதுக்கு ஓலைக் குடிசை. எங்க தாத்தா விட்டுட்டுப் போன விளை மூணு ஏக்கர், 62 பனை. இந்தப் பதிவு அந்த விளையைப் பத்தியும், அதைப் பாத்துக்கிட்ட எங்க பெரியப்பாவைப் பத்தியும்தான்.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2019-ல இஞ்சினியரிங் முடிச்சு பொட்டி தட்டுற வேலையில சேந்தேன். ஆறு மாசம் ஆகியிருக்கும், 2020 மார்ச்ல ஊரடங்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்தவன் ஒன்றரை வருஷம் அங்கேதான் இருந்தேன். வீட்டுக்குள்ள சிக்னல் நிக்காது. விளையில இருக்கிற புளியமரத்தடியில நாலு கட்டம் நிக்கும். அங்க ஒரு நார்க்கட்டிலைப் போட்டு உக்காந்து ஒரு வெளிநாட்டு பேங்குக்கு கோடு எழுதிக்கிட்டு இருந்தேன். தலைக்கு மேல பெரியப்பா பாளை சீவிக்கிட்டு இருந்தாங்க. சின்ன வயசுல லீவுக்கு விளைக்குப் போனதெல்லாம் நுங்கு தின்ன. ஒரு முழு வருஷமும் அங்க என்னென்ன வேலை நடக்குதுன்னு பாத்தது அப்பத்தான்.

ஐப்பசி, கார்த்திகையில மழை பெய்யும்போது விளை சும்மா கெடக்குற மாதிரி தெரியும். ஆனா வேலி அடைக்கிறது அப்பத்தான். பழைய முள்ளை எடுத்துட்டு புது முள் வைக்கணும், ஓலைப் படல் கட்டணும். வர்ற சீசனுக்கு விறகு சேக்கணும். மார்கழி பொறந்ததும் மரத்தைச் சுத்தம் பண்றது ஆரம்பிக்கும். கீழ தொங்குற காவோலை, கருக்குமட்டை, மட்டைக்கு அடியில சுத்தியிருக்கிற சில்லாட்டை, பன்னாடை எல்லாத்தையும் கழிச்சு எறக்கணும். இதைச் செய்யலைன்னா மண்டைக்குள்ள எலி, அணில், தேளு, சமயத்துல பாம்பு. ஆனா ஆசைப்பட்டு பச்சை ஓலையையும் சேத்து வெட்டிட்டா மரம் அந்த வருஷம் சோந்துபோகும். எத்தனை மட்டை விடணும்னு ஒவ்வொரு மரத்துக்கும் பெரியப்பாவுக்கு ஒரு கணக்கு இருக்கு. "இவ நோஞ்சான், இவளுக்குக் கூட ரெண்டு விட்டுரணும்"பாங்க. பெண்பனைய மட்டும் இல்ல, ஆண்பனையையும் 'இவ'தான்.

தையில பனங்கிழங்கு. முந்தின ஆவணி, புரட்டாசியில பொறுக்கின பனங்கொட்டையை மணல்ல பாத்தி கட்டிப் பொதச்சிருப்பாங்க. பொங்கலுக்கு அதைத் தோண்டினா கிழங்கு. அதே சமயத்துல ஆண்பனையில பாளை வர ஆரம்பிச்சிடும். நாங்க அலகுப்பனைன்னு சொல்லுவோம். பெண்பனை, அதாவது பருவப்பனை, கொஞ்சம் பிந்தி பங்குனி வாக்குல வரும்.

பாளை வந்துட்டா பயினி (அதாங்க, பதநீர்) தானா வந்துடாது. கடிப்புன்னு ஒண்ணு இருக்கு, இடுக்கி மாதிரி ரெண்டு மரக்கட்டை. அதுக்கு நடுவுல பாளையைக் குடுத்து இதமா நசுக்கணும். ஒரு நாள் இல்ல, பல நாள். அழுத்தினா செத்துப்போகும், விட்டா சொட்டாது. பிறகு பாளைகளைச் சேத்துக் கட்டி, நுனியை அரிவாளால சீவணும். சீவுறதுன்னா வெட்டுறது இல்ல, காகிதம் மாதிரி ஒரு இழை. அந்த அரிவாளைத் தீட்டுற பதம் வேற. எங்க பெரியப்பா அரிவாளைக் கறிவேப்பிலை நறுக்கக் கூட பெரியம்மா தொட முடியாது.

சொட்ட ஆரம்பிச்ச பிறகு ஒரு நாளும் தவறக் கூடாது. ரெண்டு மூணு நாள் சீவாம விட்டா வாய் அடைஞ்சு பாளை காஞ்சு போகும். காலையில ஏறி கலயத்தை எறக்கி, பாளையைச் சீவி, உள்ள சுண்ணாம்பு தடவின கலயத்தைத் திரும்பக் கட்டணும். சாயங்காலம் இன்னொருக்கா ஏறி சீவணும். சுண்ணாம்பு தடவ மறந்தா விடியிறதுக்குள்ள அது கள்ளு. தமிழ்நாட்டுல 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை, தெரியும்ல? ஆக ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் குத்தத்துக்கும் நடுவுல இருக்கு :-)

மாசியில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் இதே கதை. தை மாசத்துக்குப் பிறகு எங்க குடும்பத்துல எந்தக் கல்யாணத்துலயும் பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வருவாங்க. நாம 'ஆன்-கால்'னு ஒரு வாரம் போட்டா எப்படிப் புலம்புறோம்! இது அஞ்சு மாச ஆன்-கால். பேக்கப் ஆள் கிடையாது, ரோல்பேக்கும் கிடையாது.

ஆடி கழிஞ்சா பழம் விழும், கொட்டை பொறுக்கணும். புரட்டாசியில குலசை தசரா. பெரியப்பா மாலை போட்டு காளி வேசம் கட்டி ஊர் ஊரா போய்க் காணிக்கை வாங்கிட்டு வந்து முத்தாரம்மனுக்குச் செலுத்துவாங்க. அவங்களுக்கு வருஷத்துல அதுதான் லீவு. திரும்பி வந்தா ஐப்பசி, வேலி.

*

இஞ்சினியர்னு ஒரு பட்டத்தை வாங்கி வச்சிருக்கோமே, ஒரு நாள் கட்டில்ல உக்காந்து கணக்குப் போட்டேன். அந்த சீசன்ல பெரியப்பா ஏறினது 35 மரம். சராசரி உயரம் 12 மீட்டர்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ.

35 x 12 x 2 = 840 மீட்டர்.

துபாய்ல இருக்கிற புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். பெரியப்பா தெனமும் அதை ஏறி எறங்குறாங்க. லிஃப்ட் இல்லாம, கால்ல ஒரு தளைநாரு, நெஞ்சுல ஒரு தோலு, பின்னாடி அரிவாள் பெட்டி. எறங்கும்போது பயினியோட.

ஒரு சீசனுக்கு 120 நாள்னு கொறச்சே வச்சாலும் 1,00,800 மீட்டர். நூறு கிலோமீட்டர், செங்குத்தா. விண்வெளி எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு எல்லை வச்சிருக்காங்கல்ல, கார்மன் கோடு, அது கடல்மட்டத்துலேர்ந்து நூறு கிலோமீட்டர். எங்க விளையிலேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற குலசேகரன்பட்டினத்துல 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. அந்தச் செய்தி வந்தப்போ பெரியப்பாகிட்ட இந்தக் கணக்கைச் சொன்னேன். "அப்ப நான் நாப்பது தடவை போய்ட்டு வந்துட்டேம்னு சொல்லு"ன்னு சிரிச்சுட்டு, "எறங்குறதையும் சேத்தியாலே? எறங்குறதுதான் முட்டியப் புடிக்கும்"னாங்க. எறங்குறதை நான் சேக்கல.

*

பெரியப்பா ஏறுறது பாதி வேலைதான். மீதி பெரியம்மாவுக்கு. எறக்கின பயினியை வச்சிருக்க முடியாது, அன்னன்னைக்கே காய்ச்சணும். விடிலின்னு சொல்ற அந்த ஓலைக் குடிசைக்குள்ள, சித்திரை வெயில்ல, அடுப்பு முன்னாடி நாலு மணி நேரம் நின்னு பாருங்க. ஏசி ரூம்ல 'சர்வர் சூடாகுது'ன்னு சொல்லவே வாய் வராது.

சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிவை வடிச்சு தாச்சியில ஊத்திக் கொதிக்க விடுவாங்க. பொங்கி வழியப் பாக்கும்போது நாலு ஆமணக்கு முத்தை இடிச்சுப் போட்டா அடங்கிடும். (கெமிக்கல் இஞ்சினியரிங் படிச்ச நண்பர்கள் காரணத்தைச் சொல்லலாம். பெரியம்மா சொன்ன காரணம்: "அதுக்கு அடங்கும்".) நிறம் மாறி, பாகாகி, கிண்டக் கிண்டக் கை கனக்கும். ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு விரலால உருட்டிப் பாத்து, பதம்னு தோணினா எறக்கி, மணல்ல பதிச்சு வச்சிருக்கிற சிரட்டையில ஊத்தணும். ஒரு நிமிஷம் முந்தினா இளகும், பிந்தினா கரியும். எட்டு பத்து லிட்டர் காய்ச்சினா ஒரு கிலோ கருப்பட்டி தேறும்.

மழைக்காலத்துல ஈரம் குடிச்சு கசிஞ்சு போகும்னு அடுப்புக்கு மேல பரண்ல புகை படுற மாதிரி அடுக்கி வைப்பாங்க. பெரியம்மாவுக்கு இப்ப ரெண்டு கண்ணுலயும் தண்ணி வடியுது. அம்பது வருஷப் புகை.

இதுக்கு மத்தியில சீனியைக் கலந்து காய்ச்சி அதையும் கருப்பட்டின்னு விக்கிறவங்க இருக்காங்க. செலவு கம்மி, வேலை கம்மி, வெலையும் கம்மி. வாங்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கியாச்சு, சந்தோஷம். ஆனா குறியீடு மரம் ஏறாதே.

*

இப்ப சம்பந்தமில்லாம இங்கிலாந்துக்குப் போறோம். பயப்படாதீங்க, பயணக்கட்டுரை எல்லாம் கிடையாது.

2023 கடைசியில ஆன்சைட் கெடச்சுது. லண்டன்ல ஒன்றரை வருஷம். அங்க ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒருத்தர், அறுபது வயசுக்காரர், தோட்டப் பைத்தியம். வார இறுதியில ஏதாவது பழைய மாளிகைத் தோட்டத்துல போய் சும்மா களை புடுங்கிக் கொடுத்துட்டு வருவார். தன்னார்வலராம். எனக்கு முதல்ல சிரிப்பா வந்துச்சு. அப்புறம் அவர் தன் வருஷத்தை விவரிச்சப்போதான் நிமிந்து உக்காந்தேன். குளிர்காலத்துல ரோஜாவும் ஆப்பிளும் கவாத்து பண்ணணும். வசந்தத்துல விதை. கோடையில புல் வெட்டி, வாடின பூவைக் கிள்ளிக்கிட்டே இருக்கணும். கோடை முடியும்போது வேலிச்செடியைக் கத்தரிக்கணும், அதுக்கு ஏணி போட்டு ஏறணும். இலையுதிர்காலத்துல சருகு கூட்டி, அடுத்த வசந்தத்துக்கான கிழங்கைப் பொதைக்கணும். மாசத்தை மட்டும் மாத்திப் போட்டா எங்க பெரியப்பா காலண்டர்!

அவர் சொல்லித்தான் 2024 கோடையில ஹெலிகன் தோட்டத்துக்குப் போனேன். கார்ன்வால்ல, மெவாகிஸி பக்கத்துல. லண்டன்லேர்ந்து நாலரை மணி நேரம் ரயில், அப்புறம் பஸ். ட்ரெமெய்ன்னு ஒரு ஜமீன் குடும்பத்தோட தோட்டம். குதிரைச் சாணி அழுகும்போது வர்ற சூட்டை வச்சு அந்தக் குளிர்ல அன்னாசிப்பழம் வளத்திருக்காங்க, குழியை இன்னைக்கும் பாக்கலாம். முதல் உலகப்போருக்கு முன்னாடி அங்க 22 தோட்டக்காரங்க. 1914-ல போர் வந்துச்சு. 1916-ல மிஞ்சினது 8 பேர். போனவங்கள்ல நிறைய பேர் திரும்பல. அதுக்கப்புறம் தோட்டத்தை யாரும் அழிக்கல, வெட்டல, விக்கல. ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். முள்ளும் கொடியும் மூடி, உள்ள அப்படி ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு. 1990-ல புதரை வெட்டிக்கிட்டு உள்ள போனவங்கதான் கண்டுபிடிச்சாங்க. 1992-ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க.

அங்க தோட்டக்காரங்க பயன்படுத்தின கழிப்பறை ஒண்ணு இருக்கு. அந்தச் சுவத்துல அவங்க பென்சிலால கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க, 1914 ஆகஸ்ட்னு தேதியோட. நான் போனப்போ எல்லாரும் பூவைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அந்தச் சுவத்தை விட்டு நகர முடியல. எங்க விடிலிச் செவுத்துல பெரியப்பா கரித்துண்டால கோடு போட்டு வச்சிருப்பாங்க. எந்த மரம் எத்தனை பாளை, எவ்வளவு பயினின்னு கணக்கு. அது ஞாபகம் வந்துச்சு.

ஒரு தோட்டம் அழியிறதுக்குப் புயல், தீ, வெட்டுக்கத்தி எதுவும் வேணாம். ரெண்டு சீசன் ஆள் வரலைன்னா போதும். ஹெலிகன்ல ஆளைக் கொண்டு போனது போர். எங்க ஊர்ல போர் வரல. படிப்பு வந்துச்சு, சென்னையும் மும்பையும் வளைகுடாவும் வந்துச்சு. நான் அதைக் குறையா சொல்லல. என் ஃபீஸைக் கட்டினதுல பாதி கருப்பட்டிக் காசு. "நீ ஏறக்கூடாது"ன்னுதான் பெரியப்பா ஏறினாங்க. அவங்க பையனும், எங்க அண்ணன், இப்ப கோயம்புத்தூர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கான். நாங்க யாரும் ஏறாததுதான் அவங்களோட வெற்றி. விளைக்கு ஆள் இல்லாம போனதுக்குக் காரணமும் அதே வெற்றிதான். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியல.

*

"மெஷின் இல்லையா?"ன்னு கேப்பீங்க. சாஃப்ட்வேர்காரன் முதல்ல கேக்குற கேள்வி அதுதான், நானும் கேட்டேன். தென்னைக்கு மெஷின் சரி. ஒண்ணரை மாசத்துக்கு ஒருக்கா ஏறி காய் வெட்டி எறங்கிட்டா முடிஞ்சுது. பனைக்குத் தெனமும் ரெண்டு நேரம், 35 மரம். ஒவ்வொரு மரத்துலயும் மெஷினை மாட்டிக் கழட்டுற நேரத்துல பெரியப்பா மூணு மரம் முடிச்சிடுவாங்க. பனை கீழ தடிச்சு மேல சிறுத்து, சிலது வளைஞ்சும் நிக்கும். அது போக வேலை மரத்துல இல்ல, மண்டையில. மட்டைக்கு ஊடால உடம்பை நுழைச்சு, ஒரு கையால பாளையைப் பிடிச்சு இன்னொரு கையால சீவணும். ஏத்தி விட மெஷின் வரலாம். சீவ ஆள்தான் வேணும்.

வேலை கஷ்டம்ங்கிறதை விட, மரியாதை இல்லைங்கிறதுதான் பெரிசு. பனையேறுற பையனுக்குப் பொண்ணு தர மாட்டாங்க. கருப்பட்டிக் காபிய 'ஆர்கானிக்'னு ரசிச்சுக் குடிக்கிற வீட்டுலயும் தர மாட்டாங்க. விழுந்துட்டா வாழ்க்கை முடிஞ்சுது. எங்க தெருவுலயே ஒருத்தர் இருபது வருஷமா கட்டில்ல கெடக்குறார். பனைமரத் தொழிலாளர் நல வாரியம்னு இருக்கு, 2021-ல அரசு போட்ட முதல் வேளாண் பட்ஜெட்ல 76 லட்சம் பனை விதை கொடுக்குறோம்னாங்க, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னாங்க. எல்லாம் நல்லதுதான். மரத்துக்குப் பாதுகாப்பு வந்தாச்சு. ஏறுறவனுக்குப் பொண்ணு கொடுக்கச் சொல்லி எந்த பட்ஜெட்லயும் போட முடியாதே.

ஒரு காலத்துல இது எவ்வளவு பெரிய தொழிலா இருந்துச்சுன்னு இப்ப நம்ப முடியாது. குலசேகரன்பட்டினத்துல பனை வெல்லத்துலேர்ந்து சீனி எடுக்க வெள்ளைக்காரன் கம்பெனி ஆலை வச்சிருந்தான். 1915-லேர்ந்து 1940 வரைக்கும் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் நடுவுல உடன்குடி வழியா ஒரு குட்டி ரயில் ஓடியிருக்கு. இப்ப தண்டவாளம் கூட இல்ல.

*

சரி, இத்தனையும் ஏன் இப்ப எழுதுறேன்?

பெரியப்பாவுக்கு 61 ஆச்சு. ரெண்டு முட்டியும் போச்சு. போன ஆடியில கடைசிக் கலயத்தை எறக்கிட்டு, தளைநாரை விடிலிக் கூரையில சொருகிட்டு, "இனி முடியாதுய்யா"ன்னுட்டாங்க. ராக்கெட் தளம் வருதுன்னு சொன்னதுலேர்ந்து எங்க பக்கம் புரோக்கர் நடமாட்டம் ஜாஸ்தி. எங்க விளைக்கு வந்து கேட்டுட்டும் போயாச்சு. விளை அப்பா, பெரியப்பா, அத்தை மூணு பேருக்கும் பொது. அத்தை விக்கணும்ங்கிறாங்க. அத்தையைத் தப்பு சொல்லாதீங்க. மாமா இல்ல, பொண்ணு நர்ஸிங் கடைசி வருஷம், அடுத்து கல்யாணம். "மரம் அழகா நிக்கிதுன்னு நீ கட்டில்ல படுத்துப் பாப்ப. எனக்கு அந்த நெழல்ல என்னய்யா கெடைக்கும்?"னு கேட்டாங்க. பதில் இல்ல.

பெரியப்பா என்ன சொல்லுவாங்கன்னு எல்லாரும் பாத்தோம். விக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அவங்க சொன்னது வேற: "ஏற ஆளு இருந்தா வைங்க. இல்லைன்னா வித்துருங்க. சும்மா நிக்க வைக்காதிய. காவோலை மண்டி, எலி ஏறி, பாளை கருகி நிக்கிறதைத் தெனமும் பாக்க என்னால முடியாது."

'பனையைக் காப்போம்'னு ஸ்டேட்டஸ் போடுற நமக்கு இது கொஞ்சம் உறைக்கணும். பெரியப்பாவுக்கு மரம் முக்கியமில்ல, மரத்துக்குப் பாக்குற வேலைதான் முக்கியம்.

ஆள் தேடினோம். பரமன்குறிச்சி பக்கம் ஒரு பையன், 26 வயசு. அவன் அப்பா பனையேறி. வளைகுடாவுக்குப் போய் நாலு வருஷம் கட்டட வேலை பாத்துட்டு வந்துட்டான். "அங்க ஏறினதும் ஒசரம்தான் அண்ணே, இங்க ஏறினா சாயங்காலம் வீட்டுக்குப் போலாம்"னான். பாட்டத்துக்குக் கேட்டான், நிபந்தனையோட. முதல் ரெண்டு வருஷம் பாட்டப் பணம் கொறச்சுக்கணும். விபத்துக் காப்பீடு நாங்க எடுத்துக் கொடுக்கணும். சீசன் இல்லாத நாலு மாசம் வேலி, சுத்தம் பண்றதுக்குத் தனியா கூலி. அப்பா இழுத்தாங்க. பெரியப்பா, "அவன் கேக்குறது நியாயம். நான் கேட்டிருக்கணும், எனக்குக் கேக்கத் தெரியல"ன்னாங்க. அதோட முடிஞ்சுது.

அத்தை பங்கு மிச்சம். சென்னையில ஃபிளாட் புக் பண்ண அஞ்சு வருஷமா சேத்து வச்ச பணம் இருக்கு. புரோக்கர் சொன்ன வெலைக்கு அது பத்தாது, ஆனா அத்தை பங்குல முக்காவாசிக்கு வரும். மீதியை ரெண்டு வருஷத்துல தாரேன்னு சொன்னேன். அத்தை யோசிச்சுட்டுச் சரின்னுட்டாங்க. பொண்ணு பாக்குற எடத்துல "மாப்பிள்ளைக்குச் சென்னையில வீடு இருக்கா?"ன்னு கேக்குறாங்களாம். "உடன்குடியில பனை இருக்கு"ன்னு சொல்லுங்கன்னேன். அம்மா ஒரு வாரமா பேசல :-(

பணத்துக்கு இது புத்திசாலித்தனமான காரியம்னு சொல்ல மாட்டேன். ஃபிளாட் வாங்கியிருந்தா வாடகை வரும். விளையில வர்ற பாட்டம் காப்பீட்டுக்கும் வேலிக்கும் சரியாப் போயிடும். அந்தப் பையனுக்கு நாளைக்கே கல்யாணமாகி, மாமனார் வீட்டுல "மரம் ஏறாத"ன்னு சொல்லிட்டா நாங்க திரும்ப முதல்லேர்ந்து ஆள் தேடணும். அது தெரிஞ்சுதான் செய்யிறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே தோட்டம் அதுதான். அது ஹெலிகன் மாதிரி மூடிப்போனா எழுபது வருஷம் கழிச்சு வந்து கண்டுபிடிக்க எங்க பக்கம் யாரும் இல்ல.

பத்திரம் ஐப்பசியில. மார்கழியில அந்தப் பையன் மரம் கழிக்க வாரான். எந்த மரத்துக்கு எத்தனை மட்டை விடணும்னு சொல்லிக் கொடுக்க, கீழ நாற்காலி போட்டு உக்காந்துக்கிடுறேன்னு பெரியப்பா சொல்லியிருக்காங்க. அந்தக் கரிக்கோட்டுக் கணக்கையெல்லாம் ஒரு எக்செல்ல ஏத்திக் கொடுக்கிறதா நான் ஏத்துக்கிட்டிருக்கேன். 62 வரிசை, மரத்துக்கு ஒரு வரிசை. பேர் எழுதுற கட்டத்துல என்ன போடன்னு கேட்டேன். நோஞ்சான், கோணக்காலி, பள்ளத்துக்காரி, தாத்தா வச்சதுன்னு வரிசையா சொல்லிக்கிட்டே போனாங்க. 41 வரைக்கும் ஆயிருக்கு.

பி.கு. 1: கருப்பட்டி வாங்கும்போது உடைச்சுப் பாருங்க. உள்ள சீனி மாதிரி மினுமினுன்னு இருந்தா யோசிங்க. நல்லது மங்கலா இருக்கும், வாயில போட்டா மெதுவாத்தான் கரையும்னு பெரியம்மா சொல்லச் சொன்னாங்க.

பி.கு. 2: ரெண்டு கிலோ கேட்டவங்க இந்தத் தடவை காசை முன்கூட்டியே அனுப்பிடுங்க. எனக்கு இப்ப கடன் இருக்கு :-)